மாடத்தில் இருந்த ஒரே கல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம். நடந்தது நடந்ததுதான். என் இடது முழங்கையில் அந்தச் சுரங்கத்துப் பாறை கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. என் மச்சான் நாகராசு இருக்கிறார். என் மனைவி செவந்தி இருக்கிறாள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். செவந்தி மட்டும் கடைசிப் பகுதியைச் சொல்ல மாட்டாள். பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பேய் என்றால் அமாவாசை, சுடுகாடு, நடுச்சாமம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது தொடங்கியது பட்டப்பகலில். ஓவர்சியர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூன்றரை மணி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஐப்பசி மாதம்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற சாலையில் பாதி வழியில் மேற்கே திரும்பினால் செங்கரட்டுப்பட்டி. அங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி காவிக்கல் தோண்டிக்கொண்டிருந்தது. பெயிண்டுக்கும் சாயத்துக்கும் கப்பலேறிப் போன கல். எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. விட்டுப்போனது மூன்று பனை ஆழத்துக்கு ஒரு குழியும், அதன் கிழக்குக் கரைக்கு அடியில் வரிசையாகக் கூலிக்காரர்களின் லயன் வீடுகளும்தான்.

யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், ஜனங்கள் கிழங்கு தேடிக் காட்டைக் கிண்டிய சமயம். வீணாகக் கிடக்கிற நிலத்தையெல்லாம் வயலாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. காவிக்குழியில் நிற்கிற தண்ணீரை வடித்து, மேட்டு மண்ணைத் தள்ளி மூடி, சமன் செய்து, பழைய கூலிக் குடும்பங்களுக்கே பிரித்துக் கொடுப்பதாகத் திட்டம். அந்த வேலையில் நான் வாட்சர். குழிக்குள் ஒரு பனங்கட்டை நட்டு, அடிக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, வடிகால் ஓடுகிறதா, கரையில் கசிவு உண்டா, கொட்டிய மண் அமுங்குகிறதா என்று பார்த்து ஓவர்சியரிடம் சொல்ல வேண்டும். லயனில் கடைசி வீட்டை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நானும் செவந்தியும் அங்கேதான் இருந்தோம். அவளுக்கு அது நிறைமாதம். எங்களுக்கு முதல் பிள்ளை.

வடிகால் என்றால் வாய்க்கால் இல்லை. சுரங்கம். குழியின் அடியிலிருந்து கீழே ஓடைவரை கம்பெனிக்காரன் குடைந்தது. ஆள் குனிந்து போகலாம். குழிக்குள் அதன் வாயை ஒரு கனத்த பலகை மூடியிருக்கும். மேலேயிருந்து சங்கிலியைச் சுற்றினால் பலகை ஏறும், தண்ணீர் பாயும். பலகைக்கு இந்தப் பக்கம், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குவதற்கு ஒரு குறுகலான இறங்குகுழி உண்டு. உள்ளே அடைப்பு எடுக்க வேண்டுமானால் பலகையை மூடிவிட்டு அதன் வழியே இறங்குவார்கள்.

ஆள் உள்ளே இருக்கும்போது பலகை ஏறினால்...

அதற்காகத்தான் ஆள் கல்.

காவிக்குழிக்காரர்களின் வழக்கம் அது. இறங்குகுழியின் வாயில், விளக்கு மாடம் மாதிரி ஒரு பொந்து வைத்துக் கட்டியிருக்கும். உள்ளே இறங்குகிறவன் தன் கல்லை அதில் வைத்துவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஒவ்வொருவனுக்கும் சொந்தக் கல். சொந்த அடையாளம். அடுத்தவன் கல்லை யாரும் தொடமாட்டார்கள். அப்பன் பிள்ளை கல்லைக்கூடத் தொடமாட்டான். மாடத்தில் கல் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். மாடம் காலி என்றால் பலகையைத் தூக்கலாம்.

மச்சான் கம்பெனி காலத்தில் அங்கே தள்ளுவண்டி தள்ளியவர். செவந்தியின் அண்ணன். முதல் நாளே என் கையில் ஒரு காவிக்கல்லைத் திணித்தார். குறுக்கே வெள்ளையாக ஒரு ரேகை ஓடிய கல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் மச்சான், மேல வந்து 'நான் வந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?"

"மழையில, சங்கிலிச் சத்தத்துல, நீரு சொல்றது எவன் காதுல விழும்?"

"மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கங்க."

"காவிச் சேத்துல முங்கி எந்திரிச்சுப் பாரும். ஒம்மப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. கல்லை வையும்யா, பேசாம."

வைத்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிணறு வெட்டுகிறவன். ஒரு தடவை பாறை சரிந்து வலது தோள் பிசகிவிட்டது. அதிலிருந்து என் வெட்டு நொண்டும். இரண்டு குத்து. ஒரு மூச்சு. அப்புறம் ஒரு குத்து. டொக் டொக்... டொக். "நொண்டி மாடு வண்டி இழுக்குற மாதிரியில்ல வெட்டுறீரு" என்று மச்சான் கேலி பண்ணுவார். செவந்திக்கு அந்தச் சத்தம் பழக்கம். கஞ்சி கொண்டுவரும்போது நாலு கிணற்றில் வேலை நடந்தாலும், காதை வைத்தே நான் எந்தக் கிணற்றில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்து வந்துவிடுவாள்.

இப்போது அந்த மூன்றரை மணி.

மூன்று நாளாக விடாத மழை. வானம் இருட்டிக் கிடந்தது. தண்ணீர் பனங்கட்டையின் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் கோடு கிடையாது. பலகையைத் தூக்கிப் பார்த்தோம். நாலு குடம் தண்ணீர்கூடப் போகவில்லை. சுரங்கத்துக்குள் கூரை மண் சரிந்து அடைத்துக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் இரண்டு இடத்தில் சிவப்பாகக் கசிந்தது.

கரை போனால் லயன் வீடுகள் இருந்த இடம் தெரியாது.

ஜனங்களைக் காலையிலேயே ஐயனார் மேட்டுக்கு ஏற்றியாகிவிட்டது. செவந்தி மட்டும் வரவில்லை. கட்டிலோடு தூக்கிப் போகிறோம் என்றேன். "நீங்க அந்தப் பொந்துக்குள்ள எறங்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க மேல வந்து எம் முன்னாடி நின்னாத்தான் நான் எந்திரிப்பேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். தூக்குவதற்கும் ஆள் இல்லை. அத்தனை பேரும் கரையில் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓவர்சியர் குடையை வீசிவிட்டு நனைந்துகொண்டு நின்றார். "குழந்தைசாமி, கரை இன்னும் ஒரு மணி நேரம் நிக்குமாய்யா?"

"நிக்காதுங்க."

"நான் ஓடைப் பக்கமா நம்ம கூலியாள் பிச்சையை அனுப்பிப் பாக்கறேன். முடிஞ்சா அவன் அந்தண்டையிலேர்ந்து வெட்டட்டும். நீ இந்தப் பக்கம் இறங்கு."

பலகையை இறக்கி மூடினோம். மச்சான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடத்தைத் துடைத்து என் கல்லை வைத்தேன். வெள்ளை ரேகை மேலே தெரிகிற மாதிரி.

ஒரே ஒரு கல்.

"மாப்புள" என்றார் மச்சான். "கல்லு இருக்குற வரைக்கும், கரையே போனாலும் சங்கிலியில கை வைக்க மாட்டேன்."

"செவந்தி கீழ இருக்கா மச்சான்."

"எனக்குத் தெரியாதா? வெரசா வாரும்."

இறங்கினேன்.

அரிக்கேன் விளக்கு ஒரு கையில். குட்டைக் கடப்பாரை ஒரு கையில். முழங்கால் அளவு சேறு. பின்னால் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. குனிந்து நடந்தேன். முப்பது நாற்பது அடி போனதும் அடைப்பு. கூரை வரைக்கும் சிவப்பு மண். விளக்கை ஒரு கல்லிடுக்கில் மாட்டிவிட்டுக் குத்தத் தொடங்கினேன்.

டொக் டொக்... டொக்.

மண்ணைக் காலால் பின்னே தள்ளினேன். மறுபடி குத்தினேன். மூச்சு முட்டியது. மேலே மழை பெய்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. என் வெட்டு மட்டும்தான்.

டொக் டொக்... டொக்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் மரத்துப் போனது. கொஞ்சம் நிறுத்தினேன்.

டொக்.

என் கை அசையவில்லை.

டொக். டொக்.

அடைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சீராக. அவசரமே இல்லாமல்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பிச்சை! ஓடைப் பக்கமாக எப்படியோ நுழைந்துவிட்டான். "பிச்சை! பலே! விடாதே, குத்து!" என்று கத்தினேன்.



வெட்டு மட்டும் நெருங்கி வந்தது.

நானும் குத்தினேன். இரண்டு பக்கமும் மண் உதிர்ந்தது. செவந்தியை நினைத்துக்கொண்டே குத்தினேன். கடைசியில் ஒரு குத்தில் கடப்பாரை பொத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மனிதத் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அதில் ஒரு வாடை. ரொம்ப நாள் மூடிவைத்த பானையைத் திறந்த மாதிரி...

விளக்கு சுருங்கியது.

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது.

காவி அப்பிய கை. என் கையைப் பிடித்தது. பிடித்து இழுக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். இழுத்தேன். மழை நாள், சேறு, கை குளிர்ந்திருந்தால் அதிசயமில்லை. ஆனால் கையில் கனமே இல்லை. நாலு அடி மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு முழு ஆள் வெளியே வருகிறான்... ஒரு துண்டை இழுப்பது மாதிரி வந்துவிட்டான்.

தலை முதல் கால் வரை காவி. கண் எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை.

"பிச்சை, உன் கடப்பாரை எங்கே?"



அப்போதுதான் பார்த்தேன். அவன் கையில் எந்தக் கருவியும் இல்லை. ஒரு கை வெறுங்கை. இன்னொரு கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏய், உன்னைத்தான்டா கேக்குறேன். அந்தப் பக்கம் வழி இருக்கா?"

என்னை உரசிக்கொண்டு போனான். இறங்குகுழியின் பக்கமாக. குனியாமல் போனான். ஆள் குனிந்துதான் போக வேண்டிய சுரங்கம் அது.

சேற்றில் அவன் கால் வைக்கிற சத்தம் கேட்கவில்லை.

நான் அப்படியே நின்றேன். அப்புறம்தான் ஒன்று மனசில் பட்டது. பிச்சை ஓடைப் பக்கம் நுழைந்தவன். மாடத்தில் அவன் கல் கிடையாது. மேலே இருப்பது ஒரே ஒரு கல்.

என் கல்.

அடுத்தவன் கல்லை யாரும் தொடமாட்டார்கள். தொடவே மாட்டார்கள்.

"மச்சான்!" என்று கத்தினேன். "மச்சான்! நான் உள்ள இருக்கேன்!"

சத்தம் மண்ணில் போய் முட்டிச் செத்தது.

கட... கட... கட...

சங்கிலி.

பலகை ஏறியது.

இறங்குகுழிப் பக்கம் ஓட முடியாது. தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. ஓட்டையில் தலையை நுழைத்தேன். தோள் மாட்டிக்கொண்டது. பின்னால் உறுமல். விளக்கு அணைந்தது. கைகளால் மண்ணைப் பிய்த்தேன். நகம் போனது. முழங்கை கிழிந்தது.

தண்ணீர் காலைப் பிடித்தது.

இடுப்பை.

வாயை.

அடைப்போடு சேர்த்து என்னையும் பெயர்த்தெறிந்தது. புரண்டேன். சேற்றைக் குடித்தேன். பாறையில் மோதினேன். செவந்தி, செவந்தி என்று உள்ளுக்குள் மட்டும் கத்தினேன். அப்புறம் வெளிச்சம். ஓடையில், தாழம்புதரில் கிடந்தேன். மேலே மழை.

உயிர் இருந்தது. தொண்டைதான் இல்லை. மண்ணும் தண்ணீரும் ஏறி, வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது.

ஓடைக்கரையில் பிச்சை நின்றுகொண்டிருந்தான்.

முழங்காலுக்கு மேல் சேறு படாத வேட்டி. தோளில் கடப்பாரை. என்னைப் பார்த்ததும் அலறினான். பிறகு அடையாளம் தெரிந்து தூக்கிவிட்டான். "ஓடையில இவ்வளவு தண்ணி போகுதே அண்ணே... நான் எங்க உள்ள நொழையுறது? இங்கனயேதான் நின்னேன்."

அவன் உள்ளே வரவே இல்லை.

அப்படியானால் என் கல்லை எடுத்துக்கொண்டு மேலே போனது யார்? எங்கே போயிருக்கும்?

ஓடினேன். பிச்சையை விட்டுவிட்டு ஓடினேன். ஓடையிலிருந்து லயன் பக்கம்தான். விழுந்து எழுந்து ஓடினேன். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீடும் இருட்டு. கடைசி வீட்டில் மட்டும் விளக்கு. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வாசற்படியில் காவிச் சேறு. உள்ளே போகிற தடம். வருகிற தடம் இல்லை.

கதவை அடித்தேன்.

"யாரு?" செவந்தியின் குரல்.

"நான்..." தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது என் தொண்டையிலிருந்து.

"நான்னா யாரு?"

"நான்தான்டி... உன் புருஷன்..."

 பிறகு தாழ்ந்த குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"அவரு வந்து படுத்திருக்காரே."

என் முதுகில் மழை ஓடியது. அதற்கு மேல் எதுவோ ஓடியது.

"செவந்தி... வெளிய வா... கதவைத் தொற..."

ஜன்னலைக் கை அகலம் திறந்தாள். விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். தலை முதல் கால் வரை காவி. கண் எங்கே, வாய் எங்கே என்று என் முகத்தில் மட்டும் தெரிந்திருக்குமா?

"கல்லைக் காட்டு" என்றாள். "குழிக்குள்ள இருந்து எவன் வந்தாலும் கல்லைக் கேக்கச் சொல்லியிருக்கு எங்க அண்ணன். அவரு கல்லோடதான் வந்தாரு. கையில வச்சிருக்காரு. ஒங் கல்லு எங்க?"

என்னிடம் கல் இல்லை.

"ஐயனாரே, மாசமா இருக்குறவ நான். என்னை ஒண்ணும் செய்யாத. போயிரு..." அழுதுகொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.

சாத்துகிற இடுக்கில் பார்த்தேன். அவள் முதுகுக்குப் பின்னால், பாயில், சுவரைப் பார்த்து ஒருக்களித்து ஒரு உருவம். சிவப்பாக.

கதவை உதைத்தேன். நகரவில்லை. பெயர் சொல்ல முயன்றேன். காற்றுதான் வந்தது. உள்ளே அவளும், அவள் வயிற்றில் என் பிள்ளையும். கூட, அதுவும்.

என்ன செய்வேன்? என்னை நான் எப்படி நிரூபிப்பேன்?

கை தானாகக் கதவில் விழுந்தது. முஷ்டியால்.

டொக் டொக்... டொக்.

உள்ளே அழுகை நின்றது.

டொக் டொக்... டொக்.

டொக் டொக்... டொக்.

தாழ்ப்பாள் தெறித்தது. கதவைத் திறந்துகொண்டு செவந்தி என் மேல் விழுந்தாள். அவளை இழுத்து என் பின்னால் விட்டுவிட்டு விளக்கை எட்டி எடுத்தேன்.

பாயில் யாரும் இல்லை.

ஒரே அறை. ஒரே வாசல். வாசலில் நான் நிற்கிறேன்.

பாய் முழுக்கச் சிவப்பாக ஈரம். படுத்த ஆளின் அச்சு அப்படியே. நடுவில் சேறு அப்பிய ஒரு கல்.

மச்சானும் நாலு பேரும் கட்டிலைத் தூக்க வந்தபோது நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். கரை நின்றுவிட்டது, தண்ணீர் மூன்று கோடு இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் நகமில்லாத விரல்களைப் பார்த்ததும் நின்றார்.

"மாப்புள... கரை ஏறுறப்ப நல்லாத்தானே போனீரு?"

"நான் கரை ஏறலை மச்சான்."

"என்னய்யா சொல்றீரு? எங் கண்ணு முன்னாடி ஏறி வந்தீரு. வெள்ளை ரேகை போட்ட கல்லை எடுத்தீரு. 'அடைப்பு போச்சா'ன்னு கேட்டேன், வாயத் தொறக்கலை. அசதின்னு நெனச்சேன். வீட்டைப் பாத்து நடந்தீரு. அதுக்கப்புறம்தான் சங்கிலியச் சுத்தினேன்..."  அப்படியே சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. குழிக்காரன் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

செவந்தி பிறகு சொன்னாள். அது கதவைத் தட்டியதும் அண்ணன் சொன்னபடி கல்லைக் கேட்டாளாம். கையை விரித்துக் காட்டியதாம். சேற்றில் கல் என்று தெரிந்தது, ரேகை தெரியவில்லை. திறந்துவிட்டாள். நேராக விளக்கு மாடத்தின் பக்கம் போய், பழகிய வீடு மாதிரித் தடுக்காமல் பாய் இருக்கிற மூலைக்குப் போனதாம். ஒரே ஒரு வார்த்தைதான் பேசியதாம். தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி.

"புள்ள தூங்கிருச்சா?"

எங்களுக்கு அப்போது பிள்ளை ஏது? அசதியில் உளறுகிறேன் என்று நினைத்தாளாம்.

மறுநாள் அந்தக் கல்லைக் கழுவினேன். வெள்ளை ரேகை இல்லை. ஓரத்தில் மூன்று வெட்டு. என் கல் அது இல்லை. மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வண்டி தள்ளுனவன். வெட்டுக்காரங்க கல்லு எனக்குத் தெரியாது" என்றார். என் கல்லை லயன், கரை, இறங்குகுழி எல்லா இடமும் தேடினோம். கிடைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மகன் பிறந்தான். தை, மாசியில் குழியை வடித்தோம். இறங்குகுழியையும் சுரங்கத்தையும் கல் போட்டு அடைத்து, மேலே மூன்று பனை உயரத்துக்கு மண்ணைக் கொட்டினார்கள். மேலே சமன் செய்தார்கள். பங்குனியில் ஏரோட்டம்.

ஆனி மாதம் நிலம் பிரித்துக் கொடுக்கிற அன்று, ஒன்பது வயதுப் பெண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். உண்ணாமலை என்று பெயர். பழைய வெட்டுக்காரர் ஆவுடையப்பனின் மனைவி. கொடும்பாளூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தவள். பங்கு வாங்க வந்திருந்தாள். தண்ணீர் கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்று, "இது நாங்க இருந்த வீடுங்க" என்றாள்.

செவந்தி சொம்பை நீட்டினாள். உண்ணாமலை வாங்கவில்லை. அவள் பார்வை விளக்கு மாடத்தில் நின்றுவிட்டது. அங்கே அந்த மூன்று வெட்டுக் கல் இருந்தது.

"இது... எப்படி ஒங்ககிட்ட?"

சொன்னோம். எல்லாம் சொன்னோம். அவள் அழவில்லை. கல்லை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"கம்பெனி மூடுன அன்னைக்குச் சுரங்கத்துல ஒரு பக்கமா மண்ணு சரிஞ்சிருச்சுங்க. மாடத்துல இவரு கல்லு மட்டும் இருக்கு. நான் கைக்குழந்தையோட அந்த வாயிலேயே கெடந்தேன். ரெண்டு நா பாத்தான் அங்க இருந்த மேஸ்திரி. கல்லு இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம், தோண்டணும். அதனால கல்லை எடுத்து அந்தப் பொந்துக்குள்ளயே வீசிப்புட்டான். 'மாடம் காலி, உள்ள ஆளு இல்லை'ன்னு சொல்லிப் பூட்டிட்டான்."

"பாவி" என்றார், அதற்கு முன்பே வேலையை விட்டு நின்றிருந்த மச்சான்.

"தெனமும் வேலை முடிஞ்சு வந்தா மொதல்ல அதைத்தாங்க கேப்பாரு. புள்ள தூங்கிருச்சான்னு." பெண்ணின் தலையைத் தடவினாள். "மேல எடுக்க ஒரு கல்லு இல்லாமத்தான் எட்டு வருசமா உள்ளயே கெடந்திருக்காரு. இப்ப ஒங்க கல்லை எடுத்துக்கிட்டு ஏறி வந்துட்டாரு. சரிங்க..."

நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இவரு கல்லு மேல வந்துருச்சு. ஒங்க கல்லு எங்கங்க?"

 அவள் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, பெண்ணை இழுத்துக்கொண்டு போனாள். பங்குகூட வாங்காமல் போய்விட்டாள்.

செவந்தி வீட்டு வழியில் எங்களுக்கு விழுந்த பங்கு, இறங்குகுழி இருந்த இடத்துக்கு நேர் மேலே.

கேழ்வரகு நன்றாகத்தான் விளைகிறது. பசிக்கு இரண்டு வேளை கூழ் நிச்சயம். ஐப்பசியில் மழை பிடித்தால் மட்டும் செவந்தி வயலுக்கு வருவதில்லை. முதல் வருஷம் வந்தாள். கஞ்சி கொண்டு வந்தவள் வரப்பில் நின்றுவிட்டாள். கலயம் கீழே விழுந்து உடைந்தது. நான் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மாதான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் காலடி மண்ணைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்... அன்றைக்கு ஜன்னல் இடுக்கில் பார்த்த அதே பார்வை.

எனக்கும் கேட்டது. ஆழத்திலிருந்து. மூன்று பனை மண்ணுக்கு அடியிலிருந்து.

டொக் டொக்...

டொக்.